ட்ரெய்லர் இழுக்கப் பழைய ஹெவி டியூட்டி டீசல் பிக்கப் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய டீசல் பிக்கப் விளம்பரங்களில் குதிரைத்திறனும் டார்க்கும் முதல் வரியிலேயே வந்துவிடும். ஆனால் ஒரு வண்டியின் தகுதியைத் தீர்மானிக்கும் எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் தெரியும் ஒரு சிறிய ஸ்டிக்கரில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மாடலில் டாட்ஜ் முதன்முதலாகக் கம்மின்ஸ் எஞ்சினைப் பிக்கப்பில் பொருத்தி விற்றபோது, அது 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி டார்க்கும் தந்தது. 2023 ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் உயர்திறன் 6.7 லிட்டர் எஞ்சின் தருவது 500 குதிரைத்திறனும் 1,200 பவுண்டு-அடியும் ஆகும். எஞ்சினின் பலம் மும்மடங்கு ஏறிய வேகத்தில் ஸ்பிரிங்கும் ஆக்ஸிலும் டயரும் ஏறவில்லை. ஆகவே அமெரிக்கச் சந்தையில் இன்று பழைய டீசல் பிக்கப் தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி, 'இழுக்குமா?' என்பதல்ல, 'தாங்குமா?' என்பதே.

முதல் படி: ட்ரெய்லரை எடை போடுங்கள்

வண்டி பார்க்கப் புறப்படும் முன்பே, இழுக்கப்போகும் ட்ரெய்லரின் எடை உங்கள் கையில் இருக்க வேண்டும். விற்பவர் சொல்லும் வெற்று எடை இங்கே பயன்படாது. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, தட்டுமுட்டுச் சாமான் அனைத்தையும் ஏற்றிய பிறகு வரும் எடைதான் கணக்குக்கு உரியது. ட்ரெய்லர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வண்டியின் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ட்ரெய்லர் ஆக்ஸில் என்று தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். ட்ரெய்லர் இன்னும் வாங்கவில்லையென்றால், அதன் தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச எடையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காலி அலமாரி எந்த வீட்டிலும் காலியாக இருப்பதில்லை.

அடுத்து, அந்த எடையில் எவ்வளவு பங்கு வண்டியின் முதுகில் வந்து உட்காரும் என்று பார்க்க வேண்டும். பின்பக்க ஹிட்ச்சில் (ட்ரெய்லரைக் கோக்கும் கொக்கி) மாட்டும் சாதாரண ட்ரெய்லரில் இது 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டியின் நடுவில் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளில் 15 முதல் 25 சதவீதம் வரை போகும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாலு கதவும் நாலு சக்கர இயக்கமும் கொண்ட ஒரு முக்கால் டன் (2500 அல்லது எஃப்-250 வகை) டீசல் வண்டியின் கதவு ஸ்டிக்கரில் சுமைத்திறன் 2,150 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12,000 பவுண்டு எடையுள்ள ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் 20 சதவீதம் இறக்கினால் 2,400 பவுண்டு. தொட்டியில் பொருத்திய ஹிட்ச் 150. குடும்பத்தார் நால்வர் 550. ஆக மொத்தம் 3,100 பவுண்டு. வண்டி 950 பவுண்டு அதிகமாகச் சுமக்கிறது. அதே 12,000 பவுண்டு எடையைச் சாதாரண ட்ரெய்லராக மாட்டினால் 12 சதவீதத்தில் 1,440, ஹிட்ச் 100, குடும்பம் 550, மொத்தம் 2,090. 60 பவுண்டு மிச்சம் வைத்துக் கணக்கு முடிகிறது. இரண்டிலும் எஞ்சினுக்கு வேலை ஒன்றுதான், ஆனால் ஒன்றில் அந்த வண்டி பொருந்துகிறது, மற்றதில் பொருந்தவில்லை. புரோஷரில் உள்ள இழுவைத் திறன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் தடுக்கி விழும் இடம் இதுவே.

அந்த மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கும்; ஓட்டுநரும் அந்தக் கணக்கில் அடக்கம். ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட பிறகு யாராவது இரும்பு பம்பரோ, கருவிப் பெட்டியோ, தொட்டி மூடியோ சேர்த்திருந்தால் அவற்றின் எடையையும் கழித்துக்கொள்ள வேண்டும். மொத்த எடை வரம்பு (வண்டியும் அதன் சுமையும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை) 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளில் இந்த ஸ்டிக்கர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவற்றில் மொத்த எடை வரம்பிலிருந்து எடைமேடையில் கிடைத்த உண்மையான எடையைக் கழித்தால் விடை வந்துவிடும். ஏர் பேக் பொருத்தியிருக்கிறேன், அதனால் வண்டி இன்னும் சுமக்கும் என்று விற்பவர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் பேக் பின்பக்கம் தாழ்வதைத் தடுக்கும். தொழிற்சாலை நிர்ணயித்த வரம்பை அது ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

புரோஷர் எண்களை முற்றிலும் ஒதுக்கிவிடவும் தேவையில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுத் தரத்தின்படி அளந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அந்தத் தரம், அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் கோடை வெயிலில் ஏ.சி.யை முழுதாக ஓட விட்டுக்கொண்டே குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்று கேட்கிறது. அத்தரம் பரவலாவதற்கு முந்தைய வண்டிகளின் எண்கள் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போட்ட கணக்கு என்பதால், 2005 வண்டியின் எண்ணையும் 2018 வண்டியின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இரண்டாம் படி: முக்கால் டன்னா, ஒரு டன்னா, டூயலியா

2500 அல்லது எஃப்-250 என்ற பெயரில் வருவதை முக்கால் டன் என்றும், 3500 அல்லது எஃப்-350 என்பதை ஒரு டன் என்றும் அழைப்பது பழைய வழக்கம். இன்று இவை சுமக்கும் எடைக்கும் அந்தப் பெயர்களுக்கும் தொடர்பில்லை. முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு சரியாக 10,000 பவுண்டில் நிற்பது தற்செயலல்ல. அதற்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் வண்டி அடுத்த எடை வகுப்புக்கு மாறிவிடும். டீசல் எஞ்சினே கனமானது என்பதால், அதே 10,000 வரம்புக்குள் டீசல் வண்டி பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே சுமக்கிறது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் இல்லாத ஒரு டன் வண்டி பெரும்பாலும் கூடுதல் ஸ்பிரிங்கும் உயர்ந்த வரம்பும் கொண்ட அதே வண்டிதான். பழைய சந்தையில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகமில்லாதபோது முக்கால் டன்னை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஹிட்ச்சின் மேல் 3,000 பவுண்டுக்கு மேல் இறங்கும் என்றால் பின்னால் நான்கு சக்கரங்கள் கொண்ட டூயலியைத் தேடுங்கள். ஆறு டயர் வாங்கும் செலவும், நிறுத்த இடம் தேடும் தொல்லையும், காலி வண்டியாக மழையில் ஓட்டும்போது பின்பக்கம் வழுக்கும் குணமும் அதோடு சேர்ந்து வரும்.

ஆக்ஸில் விகிதத்தையும், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்ணையும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் 3.42, 3.73, 4.10 என்று வேறுபடும். எண் உயர உயர இழுப்பது எளிதாகும், காலியாக ஓடும்போது எரிபொருள் கூடுதலாகும். ஜிஎம் வண்டிகளில் கையுறைப் பெட்டியின் உள்ளே ஒட்டிய தாளில் ஜிடி4 என்றிருந்தால் 3.73, ஜிடி5 என்றிருந்தால் 4.10, ஜி80 என்பது லாக்கிங் டிஃபரன்ஷியலைக் (ஒரு சக்கரம் வழுக்கும்போது இரண்டையும் சேர்த்துச் சுற்றவைப்பது) குறிக்கும். தொழிலுக்காக இழுப்பவராயின் இன்னொரு எல்லையும் உண்டு. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, ட்ரெய்லரின் வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டினால், வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டும் 8,000 பவுண்டு படகையோ கேம்பரையோ இழுப்பவர், இந்த இடத்திலேயே நின்று பெட்ரோல் ஹெவி டியூட்டியைப் பற்றி யோசிப்பது நல்லது. டீசலின் பராமரிப்புச் செலவை நியாயப்படுத்த அடிக்கடி இழுக்கும் வேலை இருக்க வேண்டும். வேலை இல்லாத டீசலுக்கு நோய் சீக்கிரம் வரும்.

மூன்றாம் படி: எஞ்சினின் பிறப்பாண்டை அறிந்து, அதன் நோயைத் தேடுங்கள்

ஃபோர்டா, ராமா, ஜிஎம்மா என்ற சண்டை ஓயாதது. வாங்குபவருக்குப் பிராண்டைவிட ஆண்டே முக்கியம். ஒவ்வொரு தலைமுறை எஞ்சினுக்கும் ஊரறிந்த பலவீனம் ஒன்றிரண்டு உண்டு, அவை சரிசெய்யப்பட்டதற்குப் பில் இருக்கிறதா என்பதே பேரத்தின் மையம்.

டாட்ஜ் ராம் வண்டிகளில் கம்மின்ஸ் 5.9 லிட்டரின் 12 வால்வு எஞ்சின் 1998 வரை வந்தது. எளிமையானது, நீண்ட ஆயுள் கொண்டது. டைமிங் உறைக்குள் இருக்கும் ஒரு சிறு இரும்புப் பின், தளர்ந்து கியருக்குள் விழுந்து எஞ்சினையே கெடுத்துவிடும் என்பதால், அதை நிலைநிறுத்தும் தடுப்புத் தகடு போடப்பட்டதா என்று கேளுங்கள். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு எஞ்சினின் பலவீனம் விபி44 என்ற எரிபொருள் பம்ப். அதற்கு எரிபொருள் தள்ளும் சிறிய லிஃப்ட் பம்ப் சோர்ந்தால், குளிர்ச்சி கிடைக்காமல் பெரிய பம்பும் போய்விடும். அக்காலத்து எஞ்சின் பிளாக்குகளில் பக்கவாட்டில் 53 என்று வார்க்கப்பட்டவை விரிசல் விடும் பெயர் பெற்றவை. டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தால் எண் தெரியும். 2003 முதல் 2007 வரையிலான காமன் ரயில் 5.9 பலருக்கும் பிடித்தது, இன்ஜெக்டர் தேய்மானமே அதன் முக்கியச் செலவு. 2007 நடுவில் 6.7 லிட்டர் வந்தபோது புகை வடிகட்டியும் வந்தது. அந்த எஞ்சினில் டர்போவில் கரி அடைவதும், காற்று சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் போல்ட் தளர்ந்து சிலிண்டருக்குள் விழுவதும் கவனிக்க வேண்டியவை.

ஃபோர்டில் 1994 நடுவிலிருந்து 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் மெதுவானது, ஆனால் நம்பத்தக்கது; கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் திடீரென்று போனால் எஞ்சின் ஓட்டத்திலேயே அணைந்துவிடும் என்பதால், பழைய ஆட்கள் இன்னொன்றை எப்போதும் வண்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் எஞ்சினில் ஒரு கோளாறு அடுத்த கோளாற்றை இழுத்து வரும். ஆயில் கூலர் அடைபட்டால் இஜிஆர் கூலருக்கு (எஞ்சினுக்குள் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விப்பது) கூலன்ட் குறைகிறது. அது வெந்து ஓட்டையானால் கூலன்ட் எஞ்சினுக்குள் நீராவியாகப் புகுகிறது. அந்த அழுத்தத்தில் தலைப்பகுதி போல்ட்கள் நீண்டு ஹெட் கேஸ்கெட் போகிறது. ஆயில் கூலர், இஜிஆர் கூலர், வலுவான ஹெட் ஸ்டட் மூன்றும் மாற்றியதற்குப் பில் உள்ள 6.0 நல்ல வண்டி; பில் இல்லாததை, அந்த வேலைக்கான முழுச் செலவையும் விலையில் கழித்த பிறகே தொடுங்கள். ஸ்கேனரில் இதற்கு ஒரு நேரடிச் சோதனை உண்டு: நெடுஞ்சாலை வேகத்தில் ஆயில் வெப்பம் கூலன்ட் வெப்பத்தைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் உயர்ந்து நின்றால் ஆயில் கூலர் அடைபடுகிறது. 2008 முதல் 2010 வரையிலான 6.4 லிட்டர் பலசாலிதான். ஆனால் வடிகட்டியைச் சுத்தம் செய்யும்போது டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், பெரிய வேலை வந்தால் கேபினையே சேசிஸிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். அது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011 முதல் ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 லிட்டர் வருகிறது. தொடக்க ஆண்டுகளின் டர்போ பலவீனமானது, 2015இல் அது மாற்றப்பட்டது.

ஜிஎம்மின் டியூராமேக்ஸ் எஞ்சின்களை, வண்டியின் அடையாள எண்ணில் எட்டாவது எழுத்தைப் பார்த்து இனம் காணலாம். 2001 முதல் 2004 வரையிலான எல்பி7க்கு இன்ஜெக்டர் தொல்லை. அவை வால்வு மூடிக்கு அடியில் இருப்பதால் மாற்றுக்கூலியும் அதிகம். அதற்கடுத்த எல்எல்ஒய் ஏற்றத்தில் சுமையோடு சூடேறும் பெயர் பெற்றது. 2006, 2007இல் வந்த எல்பிஇஸட்டைத்தான் டியூராமேக்ஸ் பிரியர்கள் தேடி அலைகிறார்கள். 2006 மாடலில் இரண்டு எஞ்சினும் வந்ததால், எட்டாவது எழுத்து 2 என்றால் எல்எல்ஒய், டி என்றால் எல்பிஇஸட். எது என்று தெரியாமல் விற்பவரும் உண்டு, தெரிந்தே மாற்றிச் சொல்பவரும் உண்டு. 2007 நடுவில் வந்த எல்எம்எம்மில் புகை வடிகட்டி சேர்ந்தது, 2011இல் வந்த எல்எம்எல்லில் யூரியாக் கரைசலும் சேர்ந்தது.

எல்எம்எல்லைப் பற்றிப் பேசும்போது சிபி4 என்ற உயர் அழுத்த பம்ப்பைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ், 2011 முதல் வந்த ஃபோர்டு 6.7, 2019 மற்றும் 2020 ராம் ஆகியவற்றில் இது இருக்கிறது. இந்தப் பம்ப் உள்ளுக்குள் உரசி உடைந்தால், உலோகத் தூள் இன்ஜெக்டர், ரயில், குழாய் என எரிபொருள் வழி முழுவதும் பரவிவிடும். பம்பை மட்டும் மாற்றி முடிக்க முடியாது, அனைத்தையும் மாற்ற வேண்டும், பில் 10,000 டாலரைத் தொடும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை. உடைந்தால் தாங்கும் பணம் இருக்கிறதா என்பதே கேள்வி. ராம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்துப் பழைய சிபி3 வகைப் பம்ப் போட்டுக் கொடுத்தார்கள். அது செய்யப்பட்டதா என்று பாருங்கள். 2017 முதல் வரும் டியூராமேக்ஸ் எல்5பியில் டென்சோ தயாரித்த வேறு பம்ப் இருக்கிறது. பணம் அனுமதித்தால் என் முதல் தேர்வு அதுதான்.

நான்காம் படி: டிரான்ஸ்மிஷன்

சுமையிழுக்கும் வண்டியில் எஞ்சினுக்கு முன்னால் களைப்பது பெரும்பாலும் டிரான்ஸ்மிஷன்தான். டியூராமேக்ஸோடு வந்த ஆலிசன் 1000க்கு நல்ல பெயர்; 2006இல் ஐந்து கியர் ஆறானது. ஃபோர்டில் 2003 முதல் வந்த டார்க்‌ஷிஃப்ட் உறுதியானது. ராமில்தான் கவனம் வேண்டும்: பழைய 5.9 ஆட்டோமேட்டிக்குகள் எஞ்சினின் டார்க்குக்கு ஈடுகொடுக்காதவை, 6.7இன் 68ஆர்எஃப்இ சுமையில் தேய்பவை. 2013 முதல் உயர்திறன் 3500இல் கிடைக்கும் ஐசின் டிரான்ஸ்மிஷன் கனமான வேலைக்குப் பொருத்தமானது.

ஐந்தாம் படி: 'டிலீட்' செய்த வண்டியா?

2007 நடுவிலிருந்து வந்த டீசல் பிக்கப்களில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், பிறகு யூரியா தெளிக்கும் அமைப்பும் உண்டு. இவற்றைக் கழற்றிக் கணினி நிரலையும் மாற்றிவிடுவதைச் சந்தையில் 'டிலீட்' என்பார்கள். கூட்டரசின் தூய காற்றுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. 2020க்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கழற்றப்பட்டிருப்பதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த ஆண்டில் மதிப்பிட்டது. அந்த வண்டிகள் எல்லாம் பழைய சந்தையில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1998 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான, 14,000 பவுண்டு வரம்புக்கு உட்பட்ட டீசல்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு என்பதால், டிலீட் செய்த வண்டியை அங்கே பதிவில் வைத்திருக்க முடியாது. திரும்பப் பொருத்த ஆகும் செலவு சில ஆயிரம் டாலரில் தொடங்கும்.

கண்டுபிடிப்பது எளிது. சைலன்சர் குழாயின் வாய்க்குள் வெள்ளைக் காகிதத் துண்டைச் சுற்றித் தேயுங்கள். வடிகட்டி நலமாக உள்ள வண்டியில் காகிதம் ஏறக்குறைய சுத்தமாகவே திரும்பும். கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது அங்கே இல்லை. பிறகு வண்டியின் அடியில் குனிந்து, தடித்த வடிகட்டிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் நேர்க்குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ராம் வாங்குவோருக்கு ஒரு கூடுதல் செய்தி. 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 வண்டிகள் சுமார் 6,30,000இல் சட்டத்துக்குப் புறம்பான மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. அதையொட்டிய ரீகால் அந்த வண்டிக்குச் செய்யப்பட்டதா என்று கேட்டுப் பதிவைப் பாருங்கள்.

ஆறாம் படி: தாள்கள்

அடையாள எண்ணை நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டால் நிலுவையிலுள்ள ரீகால்கள் இலவசமாகத் தெரியும். உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ், ரீபில்ட், வெள்ளச் சேதம் போன்ற முத்திரை உண்டா, வங்கிக் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். ஒரு மாநிலத்தின் முத்திரை இன்னொரு மாநிலத்தில் மறைந்துபோவதும் உண்டு என்பதால், வரலாற்று அறிக்கையில் மாநிலம் மாறிய தேதிகளைக் கவனியுங்கள். ஓடிய தூரத்தை எழுத்தில் உறுதிசெய்யும் கடமை 2011ஆம் ஆண்டு மாடலிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு உண்டு. அதற்கு முந்தைய மாடல்களுக்குப் பத்தாண்டோடு அது முடிந்துவிட்டதால், மீட்டர் எண்ணை விற்பவரின் வார்த்தையாகவே கொள்ள வேண்டும்.

மீட்டரைவிட அதிகம் பேசுவது எஞ்சின் மணி, அதாவது எஞ்சின் இதுவரை ஓடிய மொத்த மணிநேரம். பல வண்டிகளின் டேஷ்போர்டுத் திரையில், மெனுவைத் துழாவினால் அது கிடைக்கும். 1,50,000 மைல் ஓடிய வண்டியில் 4,000 மணி என்றால் மணிக்குச் சராசரி 37.5 மைல், அது நெடுஞ்சாலையில் வாழ்ந்த வண்டி. அதே மைலுக்கு 8,000 மணி என்றால், வேலைத்தளத்தில் நாள் முழுவதும் சும்மா நின்று உறுமிய வண்டி. டர்போவிலும் வடிகட்டியிலும் கரி சேர்வது பெரும்பாலும் அந்த உறுமலில்தான். 90,000 மைல் மட்டுமே ஓடியது என்று பெருமையாக விளம்பரம் செய்த வண்டியைவிட, பில்கள் அடுக்கிவைத்த 2,00,000 மைல் வண்டியை நான் தயங்காமல் எடுப்பேன்.

ஏழாம் படி: குளிர்ந்த எஞ்சின்

எஞ்சினைத் தொடாமல் வைத்திருங்கள் என்று முதல்நாளே சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். சூடான டீசல் எஞ்சின் தன் குறைகளை எல்லாம் மறைத்துவிடும். டிசம்பர் மாதம் ஒரு வண்டியைப் பார்க்க நான் காலை எட்டு மணிக்குப் போனேன். அந்தத் தெருவில் நின்ற எல்லா வண்டிகளின் பானெட்டிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, நான் பார்க்கப் போன வண்டியின் பானெட் மட்டும் ஈரமாகப் பளபளத்தது. நேற்று இரவோடு நிறுத்தியது என்று உரிமையாளர் சொல்லிக்கொண்டே கைகுலுக்கினார். நான் பானெட்டில் கையை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இருந்தாலும் அங்கே மேலும் நேரம் செலவிட எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருந்தால், முதலில் கூலன்ட் மூடியை மெல்லத் திறவுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் உஸ்ஸென்று அழுத்தம் வெளியேறினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட்டின் மேல் எண்ணெய்ப் படலமோ டீசல் வாடையோ இருக்கக்கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்பக்கம் நில்லுங்கள். ஒரு நொடி சாம்பல் புகை வந்து மறைவது இயல்பு. வெள்ளைப் புகை தொடர்ந்து கண்ணை எரித்தால் இன்ஜெக்டரோ கம்ப்ரெஷனோ சரியில்லை, இனிப்பு வாடையடித்தால் கூலன்ட் எரிகிறது, நீலப் புகை ஆயிலுக்கு உரியது. எஞ்சின் சற்றுச் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். மெலிதாக ஆவி வருவது பழைய டீசலில் இருப்பதுதான். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரெஷன் சோதனை இல்லாமல் மேலே பேசாதீர்கள்.

நூறு டாலருக்குக் கீழே கிடைக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பிழைக் குறி எதுவும் இல்லை என்பதால் மகிழ வேண்டாம். சுய சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், யாரோ சற்று முன்புதான் குறிகளை அழித்திருக்கிறார்கள்.

அடுத்தது துரு. ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க் போன்று குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களின் வண்டிக்கு மேல்பக்கம் அழகாகவும் அடிப்பக்கம் செதிலாகவும் இருக்கும். பின் ஸ்பிரிங் மாட்டும் கொண்டிகள், கேபின் தாங்கிகள், பிரேக் குழாய்கள், டியூராமேக்ஸின் ஆயில் தொட்டி ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்ற ஒலி வர வேண்டும், பொத்தென்று கேட்டால் இரும்பு உள்ளே அரித்துவிட்டது. சேசிஸுக்குப் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். உடலில் பட்டி பார்த்த இடத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், ஆனால் 2017 முதல் ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் உடல் அலுமினியம். அங்கே காந்தம் எங்குமே ஒட்டாது, பதற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டூயலியில் உள்பக்கச் சக்கரங்களையும் மறக்காமல் பாருங்கள், பழைய டயர்களை அங்கே ஒளித்துவைப்பது வழக்கம்.

எட்டாம் படி: சுமையோடு ஓட்டுங்கள்

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குவது, இழுவை வண்டிக்குச் சரியான சோதனையல்ல. உங்கள் ட்ரெய்லரைக் கொண்டுபோங்கள், அல்லது ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். விற்பவர் சம்மதிக்க மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். நீண்ட ஏற்றம் ஒன்றைத் தேர்ந்து, ஏறும்போது கூலன்ட் வெப்பத்தையும் டிரான்ஸ்மிஷன் வெப்பத்தையும் ஸ்கேனரில் கவனியுங்கள். டிரான்ஸ்மிஷன் 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போகக்கூடாது. கியர் மாறும்போது எஞ்சின் சுற்று சற்றே எகிறிப் பிறகு பிடித்தால் உள்ளே கிளட்ச் நழுவுகிறது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை நெருக்கி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, அது உண்மையாகவே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பாருங்கள். மேடுபள்ளத்தில் விட்டால் ஸ்டீயரிங் வெடவெடவென்று நடுங்குவது, ராமிலும் ஃபோர்டிலும் உள்ள திண்ணிய முன் ஆக்ஸிலின் டிராக் பாரும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்ததைச் சொல்லும். ஜிஎம்மில் டை ராட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் எஞ்சினை அணைத்து இருபது நிமிடம் காத்திருந்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் உடனே கிளம்பிய 6.0 லிட்டர், சூட்டில் நெடுநேரம் சுற்றியும் கிளம்பாவிட்டால், உயர் அழுத்த ஆயில் எங்கோ கசிகிறது.

ஒன்பதாம் படி: மெக்கானிக், விலை, பணம்

இவ்வளவும் தேறினால், டீசல் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறைக்கு வண்டியை அனுப்புங்கள். இன்ஜெக்டர் சமநிலை அளவு, ரயில் அழுத்தம், கம்ப்ரெஷன் ஆகியவற்றை அவர்கள்தான் சரியாக எடுப்பார்கள். எஞ்சின் ஆயிலில் ஒரு சிறு புட்டி எடுத்து ஆய்வகத்துக்கும் அனுப்பலாம்; இரும்பு, செம்பு அளவுகள் தேய்மானத்தையும், சோடியம், பொட்டாசியம் கூலன்ட் கசிவையும், சிலிக்கான் காற்று வடிகட்டி தவறவிட்ட தூசியையும் சொல்லும். அண்மையில்தான் ஆயில் மாற்றினேன் என்று விற்பவர் சொன்னால் அந்த ஆய்வுக்குப் பயன் குறைவு.

விலையில் உங்கள் மொத்தப் பணத்தையும் போட்டுவிடாதீர்கள். கையிருப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்கிவைத்து, மீதியை மட்டுமே வண்டியின் விலையாக நினையுங்கள். டீலரிடம் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வாங்குவோர் வழிகாட்டித் தாளில் 'ஆஸ் இஸ்' என்ற கட்டம் குறியிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். குறியிட்டிருந்தால், வாசலைத் தாண்டிய பிறகு வரும் பழுது உங்களுடையது, வாய்மொழி உறுதிகளுக்கு மதிப்பில்லை. தனிநபரிடம் வாங்கினால் வங்கியிலேயே சந்தித்து, உரிமைப் பத்திரமும் பணமும் ஒரே மேசையில் கைமாறச் செய்யுங்கள். கடன் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்த சான்று வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

பத்தாம் படி: முதல் வாரம்

வண்டி வீடு வந்ததும், விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள். ஆயில் மட்டுமே கம்மின்ஸ் 6.7க்கு 12 குவார்ட், ஃபோர்டு 6.7க்கு 13 குவார்ட், டியூராமேக்ஸுக்கு 10 குவார்ட் பிடிக்கும். கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். எரிபொருள் ஃபில்டரை மாற்றும்போது அதன் அடியில் தேங்கியதைக் கண்ணாடிப் புட்டியில் வடித்து, நீர் பிரிகிறதா, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். சிபி4 பம்ப் உள்ள வண்டியில் மின்னும் துகள் கண்டால் அன்றே ஓட்டத்தை நிறுத்திப் பட்டறைக்கு இழுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிரான்ஸ்மிஷன் ஆயில்களையும் மாற்றி, ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை உங்கள் ட்ரெய்லரோடு சரிசெய்து, குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மறுபடி எடைமேடைக்குப் போங்கள். அங்கே அச்சாகி வரும் பின் ஆக்ஸில் எடையைக் கதவு ஸ்டிக்கரில் உள்ள பின் ஆக்ஸில் வரம்போடு ஒப்பிட்டு, அந்தச் சீட்டைக் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.